சங்கு ஊதியபின் விழுந்த கோல்

ஈரச் சாக்கையும் பழைய கருவாட்டையும் ஒன்றாகச் சுருட்டி ஒரு மாதம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தால் என்ன மணம் வருமோ, அந்த மணத்தை முழங்காலிலிருந்து பாதம்வரை கட்டிக்கொண்டுதான் நான் என் பதினைந்தாவது வயதைக் கழித்தேன். ஹொக்கியில் கோல் காப்பவன் காலில் கட்டும் தடித்த காப்புகளைச் சொல்கிறேன். நாங்கள் அவற்றை 'மெத்தை' என்போம். யாரோ ஒரு பிரிட்டிஷ் மாலுமி கழித்துவிட்டது. உள்ளே பஞ்சு பாதி போய், அந்த இடத்தில் தேங்காய்த் தும்பு திணித்திருந்தது. திருகோணமலையில் எங்கள் ஆட்களுக்கென்று இருந்தது அந்த ஒரே ஒரு சோடிதான். இருபத்தைந்து வருடமாக இந்த ஊர் என்னைப் பற்றிய எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது, அந்த ஒரு சோடி விஷயத்தைத் தவிர.

வெள்ளைக்காரன் கொழும்பில் கொடியை இறக்கிவிட்டுப் போன பிறகும் அவனுடைய கப்பற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போகாமலிருந்த காலம் அது. ஊரில் பாதி ஆண்களுக்கு 'டொக்யாட்' என்ற கப்பல் பட்டறையில் வேலை. மாலுமிகள் உடைத்தெறிந்த மட்டைகளைத் தச்சரிடம் கொடுத்துக் கட்டுப்போட்டு வாங்கி, சிப்பியும் குறுணிக்கல்லும் நிறைந்த மைதானத்தில் மேயவரும் புள்ளிமான்களைக் கலைத்துவிட்டு, வெறுங்காலோடு ஆடி, அந்த மாலுமிகளையே தோற்கடித்த அண்ணன்மார் எங்களுக்கு இருந்தார்கள். அவர்களில் பெரியவர் அந்தோனி அண்ணன். டொக்யாட்டில் இரும்பு ஒட்டுகிற வேலை, மாலையில் கோல் காவல். ஒரு மாலுமி அடித்த பந்தை நெற்றியால் மறித்துவிட்டு, "இன்னொருக்கா அடி" என்று சொன்னவர் என்று ஊரில் கதை. நெற்றித் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். அது அலுமாரிக் கதவில் இடித்துக்கொண்டது என்று அவருடைய மனைவி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

நான் பாடசாலை அணியின் கோல் காவலனானது வீரத்தால் அல்ல. எனக்கு ஓட ஏலாது. எங்கள் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவனக் கோலுக்குள்ள நிப்பாட்டுங்கோ, பந்து தானாய் வந்து முட்டும்" என்றார். அவ்வளவுதான் என் தெரிவு.

மைதானமும் ஒன்று, மெத்தையும் ஒரு சோடி என்பதால் ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தது. நாலரை மணிக்கு, வேலை முடிந்ததென்று டொக்யாட் சங்கு ஊதும். அதுவரை மைதானம் எங்களுக்கு, ஊதியதும் அண்ணன்மாருக்கு. சங்கு அடங்குமுன் அவர்கள் சைக்கிளில் வந்து இறங்கிவிடுவார்கள். நான் மெத்தையைக் கழற்றத் தாமதித்தால் அந்தோனி அண்ணன் கோலுக்குப் பின்னால் வந்து, வலையாகக் கட்டியிருந்த பழைய கரைவலைத் துண்டின் கிழிசலுக்குள்ளால் கையை விட்டுத் தானே வார்களை அவிழ்ப்பார். "டேய், சங்கு ஊதினது கேக்கேல்லையோ? காலத் தாடா!" நானும் லாடம் அடிக்கக் கொண்டுவந்த மாடு மாதிரிக் காலைப் பின்னால் தூக்கிக் கொடுப்பேன். நாள் தவறாமல் இரண்டு வருடம் இப்படித் தூக்கிய கால் அது. அதற்கு வேறு என்ன தெரியும், சொல்லுங்கள்?

அந்த வருடம் மாகாணப் பாடசாலைகளின் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரணி மட்டக்களப்புப் பக்கம். முந்திய வருடம் வென்ற கேடயம் அவர்களிடம் இருந்தது. ஆட்டம் சமமாக முடிந்தால் அவர்களிடமே இருக்கும். எங்களுக்கோ வென்றே ஆகவேண்டும், ஏனென்றால் அந்தக் கேடயம் ஒருநாளும் எங்கள் ஊரை எட்டிப் பார்த்ததில்லை. மாஸ்டர் அன்று காலையிலேயே பாடசாலை அதிபரின் அறைச் சுவரில் கேடயம் மாட்ட ஆணி அடித்துவிட்டார்.

மூன்று மணிக்குத் தொடங்கியிருந்தால் சங்கு ஊதுமுன் எல்லாம் முடிந்து, நானும் இன்று மரியாதைப்பட்ட மனிதனாக இருந்திருப்பேன். ஆனால் வழியிலுள்ள ஆறுகளைக் கடக்க வாகனத்தோடு 'பாதை' என்ற மிதவையில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, எதிரணி வந்துசேர இருபது நிமிடம் பிந்திவிட்டது. அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில், கிண்ணியாவிலிருந்து தினமும் துறை தாண்டி வந்து விளையாடும் எங்கள் சலீம் ஒரு கோல் அடித்தான். ஊர் குதித்தது. ஒன்றுக்குப் பூச்சியம். ஐந்து நிமிடம் மிச்சம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்த அந்தோனி அண்ணன் எனக்குப் பின்னால் நின்று, "பயப்பிடாத தம்பி, நான் நிக்கிறன்" என்றார்.

சங்கு ஊதியது.

என் கால் என்னைக் கேட்கவில்லை. தானே பின்னால் எழுந்தது. அந்தோனி அண்ணனின் கையும் அவரைக் கேட்கவில்லை. கிழிசலுக்குள்ளால் வந்து முதல் வாரை அவிழ்த்தது, இரண்டாவதையும் அவிழ்த்தது. அப்போதுதான் எதிரே ஒரு நெட்டையன் பந்தோடு அரைவட்டத்துக்குள் நுழைவதைக் கண்டேன். "அண்ணை, விடுங்கோ!" என்று கத்தினேன். பதற்றத்தில் அவர் விடுவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் ஒற்றைக் காலில் துள்ளினேன். மெத்தை கழன்று விழுந்தது, அதன்மேல் நானும் சரிந்து, கோலைக் காக்கவேண்டியவன் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து போன சத்தம் மட்டும் கேட்டது. மிகவும் மெதுவாகத்தான் போனதாம். ஒரு கிழவி கூட மறித்திருப்பாளாம். இதைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் எல்லாக் கண்ணும் பந்தின்மேல் இருந்ததால், வலைக்குப் பின்னாலிருந்து வந்த கையைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

ஆட்டம் சமமாக முடிந்து கேடயம் வந்த வழியே போனது. சலீம் என் முகத்தைப் பார்க்காமல் துறைக்கு நடந்தான். அதிபர் அந்த ஆணியில் கலண்டர் மாட்டினார். நடந்ததை வீட்டில் சொன்னேன். "அந்தோனியிலயோ பழி போடுறாய்?" என்று அப்பா கேட்டபோதே அவருடைய கை என் கன்னத்தில் இருந்தது. அந்தோனி அண்ணனைக் கேட்டவர்களுக்கு அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "சின்னப் பெடியன், விடுங்கோவன்" என்றார். என்ன பெருந்தன்மை என்று ஊர் அவரை இன்னும் புகழ்ந்தது!

அன்றிலிருந்து என் பெயர் 'சங்கு'. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கதிரையில் உட்கார்ந்த முதல் நாளே பியோன் வந்து, "சங்கு ஐயா நீங்கதானோ?" என்றான். பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமனார் சாதகத்தைப் புரட்டுமுன், "அண்டைக்கு ஏன் தம்பி காலைத் தூக்கினனீர்?" என்று கேட்டார். தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசையில் எவனோ வாயால் சங்கு ஊதினான். நான் திடுக்கிட்டு நிமிர்ந்ததை வீடியோ இல்லாத அந்தக் காலத்திலும் ஊர் முழுவதும் நடித்துக் காட்டியது.

இப்போது கப்பற்படைக்காரர் போய்விட்டார்கள், டொக்யாட்டில் பழைய கூட்டமும் இல்லை. அண்ணன்மார் சிலர் கொழும்புக்கு, சிலர் லண்டனுக்கு, சிலர் மண்ணுக்கு. சலீம் போன வருடம் கிண்ணியாவில் காலமானான். அடக்கத்துக்குப் போய்வந்த அந்தோனி அண்ணன் சில நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அண்டைக்கு உன்ர வாரக் கழட்டினது நான்தான்."

"எனக்குத் தெரியும் அண்ணை. அது என்ர கால்தானே."

"சலீமுக்குச் சொல்லாமல் விட்டிட்டன். ஊருக்கெண்டாலும் சொல்லவேணும். வா."

இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்த தீர்ப்பு! சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் சந்தித் தேநீர்க்கடைக்கு அவரோடு போனேன். உள்ளே ஏழெட்டு இளைஞர்கள் வானொலியில் கிரிக்கெட் வர்ணனையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோனி அண்ணன் தொண்டையைச் செருமி, தாம் யார், நான் யார், ஹொக்கி இறுதி ஆட்டம் எது என்று தொடங்கினார். ஒரு பெடியன் மரியாதைக்கு ஒலியைக் கொஞ்சம் குறைத்தான்.

"ஹொக்கியோ? எங்கட ஊரில ஆர் அங்கிள் அது விளையாடினவை?"

மாலுமிகளை வென்றவர்களையும் தெரியாது, நெற்றித் தழும்பையும் தெரியாது, என்னுடைய அந்தக் கேவலமான கோல்கூட ஒருவருக்கும் தெரியாது! எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்ல? விடுதலை கேட்டு வந்த நீதிமன்றத்தில் வழக்குக் காகிதங்களையே தொலைத்துவிட்டிருந்தார்கள்.

"சரி, அந்த மட்ச்சில ஆர் வெண்டது?" என்று இன்னொருவன் பாதிக் காதோடு கேட்டான்.

அந்தோனி அண்ணன் உண்மையை ஒப்புக்கொள்ள மூச்சை இழுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நாங்கதான். ஒண்டுக்குச் சைபர். கிண்ணியாச் சலீம் அடிச்ச கோல்."

அந்தோனி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்து, இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, அந்தப் பெடியன்களிடம் என்னைக் காட்டினார்.

"ஓம். இவன்தான் கோலில நிண்டவன். ஒண்டும் உள்ள விடேல்ல."