ஸ்லெட்டின் கயிறு

ஜம்புநாதன் கோபம் வந்தால் கத்துகிற மனிதர் அல்ல. மகள் அனன்யா மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் சிநேகிதிகளோடு மாலில் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று 1995 பிப்ரவரியில் தெரியவந்தபோதும் அவர் கத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "ஸ்ப்ரிங் பிரேக்குக்கு நீ என்னோட அலாஸ்கா வரே. டிக்கெட் புக் பண்ணிட்டேன்" என்றார்.

"திஸ் இஸ் நாட் ஃபேர், அப்பா" என்றாள் அனன்யா. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், ஆனால் நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் வளர்ந்த மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள்.

"ஐஸ்ல பொண்ணைக் கூட்டிண்டு போய் என்ன பண்ணப்போறேள்?" என்று கேட்டாள் அவள் அம்மா ஜலஜா.

"சும்மா இருக்கட்டும். நான் வேலை பாக்கறதைப் பாக்கட்டும். ஒரு வாரம் ஃபோன் இல்லாம இருக்கட்டும்."

அவர் வேலையே ஃபோன்தான். அலாஸ்காவின் வடமேற்குக் கடற்கரையில் ரோடு போகாத கிராமங்கள் உண்டு. அங்கேயெல்லாம் டெலிஃபோன் சாட்டிலைட் டிஷ் வழியாகத்தான் வரும். டிஷ் பழுதானால் போய்ச் சரிசெய்கிற கான்ட்ராக்ட் ஒரு நியூ ஜெர்சி கம்பெனியிடம் இருந்தது. அந்தக் கம்பெனியில் அந்தக் குளிருக்குப் போகச் சம்மதித்த ஒரே எஞ்சினீயர் திருவானைக்காவலில் பிறந்த ஜம்புநாதன். நான்கு வருஷத்தில் ஏழு தடவை போய்வந்துவிட்டார். அந்தப் பனி தனக்குப் பழகிவிட்டது என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் மாதம் இரண்டு பேரும் அந்தக் கரையில் ஏமஸ் இருந்த சிறு ஊரில் போய் இறங்கினார்கள். வேலை இருந்த கிராமத்துக்கு விமானம் வானிலையால் இரண்டு நாளாகப் போகவில்லை. அங்கே மருத்துவ நிலையத்து ஃபோன் செத்துக் கிடந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருப்பதாகச் சொன்னார்கள். உறைந்த கடலோரமாக அறுபது மைல். ஸ்நோமொபைல் என்கிற பனி மோட்டார் வண்டியில் போனால் ஒரு பகல். வழக்கமாக அவரைக் கூட்டிப்போகிற ஏமஸ் என்பவர், அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய அண்ணன் மகள் லோரா, "நான் கூட்டிப்போகிறேன்" என்றாள்.

லோராவுக்கும் பதினாறு வயதுதான். அந்தக் கரையின் பூர்வகுடியான இனுயிட் பெண். குட்டையான உருவம், அதிகம் பேசாத வாய். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிறாள். ஜம்புநாதன் யோசித்தார். தன் மகளை ஒரு தடவை பார்த்தார், அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். முன்னால் லோராவின் வண்டி, அவள் பின்னால் அனன்யா. அந்த வண்டி இழுத்த ஸ்லெட் என்கிற சறுக்கு வண்டியில் கூடாரமும் தூங்கும் பையும் சாப்பாடும். பின்னால் வாடகை வண்டியில் ஜம்புநாதன்; அவர் முதுகுக்குப் பின்னால் கருவிகள் அடங்கிய அலுமினியப் பெட்டியும் துணிப் பையும். வழி தெரிவதற்காகப் பனியில் மரக்கழிகள் நட்டிருந்தார்கள். மேலே வெயில் இருந்தது. அனன்யா முதல் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னையறியாமல் சிரித்தாள். அவ்வளவு வெள்ளையை அவள் பார்த்ததில்லை.

மதியத்துக்குப் பிறகு ஒரு உப்பங்கழி வந்தது. லோரா வண்டியை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"ஐஸுக்கு மேலே தண்ணீர் ஏறியிருக்கும். அதற்கு மேலே பனி மூடியிருக்கும். பார்த்தால் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "என் தடத்திலேயே வாருங்கள். வேகமாக வாருங்கள். எதற்காகவும் நிற்காதீர்கள்."

"ஐ நோ, ஐ நோ" என்றார் ஜம்புநாதன்.

பாதி தூரத்தில் அவருடைய பெட்டி கட்டிய கயிறு தளர்ந்தது. பெட்டி சரிந்தது. அதைப் பிடிக்க அவர் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான். வண்டி ஓசையில்லாமல் பின்பக்கமாக உட்கார்ந்தது. பனிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் பொங்கி வந்தது. அவர் இறங்கினார். தொடை வரைக்கும் தண்ணீர்.

லோரா கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினாள்: "வெளியே வாருங்கள்! பெட்டியை விடுங்கள்!"

அவர் விடவில்லை. பெட்டியை முதுகால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். வழுக்கி விழுந்து இடுப்பு வரை நனைந்தார். எழுந்து மறுபடி தூக்கினார். அதற்குள்தான் அந்த மருத்துவ நிலையத்து ஃபோனுக்கான பாகங்கள் இருந்தன. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு வழியாகப் பெட்டியைக் கரை சேர்த்தபோது அவர் பேன்ட் மரப்பட்டை மாதிரி விறைத்திருந்தது.

"உடனே கழற்றுங்கள். பையில் மாற்று உடை எங்கே?" என்றாள் லோரா.

துணிப் பை வண்டியோடு தண்ணீரில் இருந்தது.

"ஃபைவ் மினிட்ஸ். முதல்ல வண்டியை இழுத்துடலாம்" என்றார் ஜம்புநாதன். லோரா அனன்யாவைத் திரும்பிப் பார்த்தாள். இவர் சொல்கிறது தப்பு என்று அவள் கண் சொன்னது. ஆனால் அவள் வளர்ந்த இடத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது வழக்கமில்லை. அவள் ஸ்லெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் வண்டியைத் தண்ணீரின் ஓரம்வரை கொண்டுபோய், நீளக் கயிற்றை இரண்டு வண்டிக்கும் கட்டி இழுத்தாள். மூன்றாவது முறை இழுத்தபோது அவளுடைய வண்டியும் பின்பக்கம் அமிழ்ந்து, எஞ்சின் இருமி நின்றது.

அரை மணி நேரம் போயிருந்தது. வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. பனித்தூள் தரையோடு தரையாகப் புகை மாதிரி ஓட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு லோரா யாரையும் கேட்கவில்லை. தன் மேல்கால்சட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் கைகள் பொத்தானைக் கழற்ற முடியாமல் ஆடின. அனன்யா மண்டியிட்டு அப்பாவின் உறைந்த பேன்ட்டைக் கத்தியால் கிழித்தாள். அவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைத் தூங்கும் பைக்குள் நுழைத்து ஸ்லெட்டில் கிடத்தினார்கள். கூடாரத்தை விரிக்கப் பார்த்தார்கள்; காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"நாலு மைலில் ஒரு மரவீடு இருக்கிறது. அடுப்பு உண்டு. இங்கே இருந்தால் அவர் பிழைக்க மாட்டார்" என்றாள் லோரா.

இரண்டு பெண்களும் அந்த நீளக் கயிற்றை வண்டியிலிருந்து அவிழ்த்து ஸ்லெட்டில் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். நூறு அடி, ஓய்வு. மறுபடி நூறு அடி. முதலில் ஜம்புநாதன் பல் கிட்ட நடுங்கிக்கொண்டு, "சாரிடி கண்ணா, சாரிடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் நடுக்கம் நின்றது. அனன்யா நல்ல அறிகுறி என்று நினைத்தாள். உடம்பு சூட்டை இழந்துவிட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்று தெரிந்த லோரா இன்னும் வேகமாக இழுத்தாள்.

மூன்று மைலுக்கு மேல் போனபோது பின்னால் ஸ்லெட் ஆடியது. திரும்பிப் பார்த்தால் அவர் பையைத் திறந்துகொண்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன பண்றே! போட்டுக்கோப்பா!" அனன்யா தமிழில் கத்தினாள். தான் தமிழில் கத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"புழுக்கமா இருக்குடி" என்றார் அவர். குரல் சாதாரணமாக இருந்தது. "கரண்ட் வந்துடுத்தா பாரு. ஃபேனைப் போடு."

அவள் அவரோடு மல்லுக்கட்டினாள். ஒரு கையுறையைக் கழற்றித்தான் பையின் ஜிப்பை ஏற்ற முடிந்தது. ஏற்றிவிட்டுப் பார்த்தால் கழற்றிய கையுறை பறந்துவிட்டிருந்தது. இடது கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

காற்று இன்னும் மோசமானது. ஒரு கழியின் பக்கத்தில் நின்றால் அடுத்த கழி தெரியவில்லை. லோரா நின்றாள். ஸ்லெட்டுக்குப் போய்க் குனிந்து, அவர் வாய்க்கு நேராகத் தன் கன்னத்தை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"கயிறு வேண்டும்" என்றாள்.

"எதுக்கு?"

"ஒருத்தி கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருத்தி கயிற்றைக் கட்டிக்கொண்டு போய் அடுத்த கழியைத் தேட வேண்டும். கிடைத்ததும் கயிற்றை ஆட்ட வேண்டும். அப்படித்தான் இனிமேல் போக முடியும். நம்மிடம் இருப்பது இந்த ஒரு கயிறுதான்."

"அப்பாவை?"

லோரா ஸ்லெட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இமைகளில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. மேல்கால்சட்டை இல்லாத அவள் கால்கள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்ததை அனன்யா அப்போதுதான் கவனித்தாள். இவளும் சாகப்போகிறாள் என்று தோன்றியது. தன் அப்பாவுக்காக, தன் அப்பாவின் பெட்டிக்காக, இந்தப் பெண்ணும் சாகப்போகிறாள்.

அவள் ஸ்லெட்டை இழுத்துக் கழிக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் சிவப்பு மஃப்ளரைக் கழற்றிக் கழியில் இறுக்கமாகக் கட்டினாள், தேடி வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. தூங்கும் பையின் முகப்பை இழுத்து மூடினாள். கையை உள்ளே விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் கயிற்றை அவிழ்க்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு பல்லால் கடித்துக் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

மரவீட்டுக்கு இருபத்தேழு கழிகள். ஒருத்தி நிற்பாள், ஒருத்தி போவாள். கயிறு ஆடும். நின்றவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேருவாள். ஒரு கழியை முக்கால் மணி நேரம் தேடினார்கள். அது விழுந்து பனியில் புதைந்திருந்தது. அதைக் காலில் இடறித்தான் கண்டுபிடித்தாள் அனன்யா. வீட்டின் கதவைத் தோளால் மோதித் திறந்து இரண்டு பேரும் உள்ளே விழுந்தார்கள்.

அங்கே இரண்டு நாள் இருந்தார்கள். லோரா அடுப்பை மூட்டினாள். அனன்யாவின் இடது கையில் மூன்று விரல்கள் வெளுத்து, மெழுகு மாதிரி ஆகிப் பிறகு கறுத்தன. இரண்டாவது நாள் அனன்யா கேட்டாள்.

"அவருக்கு மூச்சு இருந்ததா?"

லோரா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இருந்த மாதிரி தெரியவில்லை" என்றாள். ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "ஆனால் என் கன்னமே மரத்துப் போயிருந்தது" என்றாள்.

மூன்றாம் நாள் தேடி வந்தவர்கள் சிவப்பு மஃப்ளரை முதலில் பார்த்தார்கள். பிறகு வீட்டுப் புகையை. எப்போது உயிர் போயிற்று என்று ஆங்கரேஜ் டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. பெட்டியை வேறொருவர் கொண்டுபோய்க் கிராமத்து ஃபோனைச் சரிசெய்தார். கர்ப்பிணிக்கு அதற்கு முன்பே, ஒரு சிக்கலும் இல்லாமல், பிரசவம் ஆகிவிட்டிருந்தது.

நியூ ஜெர்சியில் தகனம் நடந்தது. பிள்ளை இல்லாததால் கட்டுப்போட்ட கையோடு அனன்யாவே தகன உலையின் பொத்தானை அழுத்தினாள். வந்த ஆன்ட்டிகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாகலக்ஷ்மி என்கிற பக்கத்து அப்பார்ட்மென்ட் ஆன்ட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் சமைத்துப் போட்டாள்.

அம்மாவிடம் அனன்யா எல்லாவற்றையும் சொன்னாள். கயிற்றை அவிழ்த்ததைச் சொன்னாள். மூச்சு பார்க்காததைச் சொன்னாள். ஃபேனைப் போடச் சொன்னதையும் சொன்னாள். ஜலஜா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு இல்லை. தட்டில் சாதம் விழும், குழம்பு விழும், அவ்வளவுதான். அனன்யா, மூன்று விரல்களை வெட்டி எடுத்துவிட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு எழுந்து போவாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஜலஜா தலை நிமிராமல், "நானா இருந்தா விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியும்மா" என்றாள் அனன்யா, தமிழில். "அப்ப நீயும் அங்கேயே போயிருப்பே. அந்தப் பொண்ணும் போயிருப்பா."

ஜலஜா மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வருஷத்து அழுகையும் அன்றைக்கு வந்தது. அனன்யா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை, எழுந்தும் போகவில்லை.

லோராவுக்கும் ஊரில் நல்ல பெயர் மிஞ்சவில்லை. அந்த உப்பங்கழியை ஏன் சுற்றிப் போகவில்லை என்று ஏமஸ் கேட்டாராம். மறுபடி யாரையும் கூட்டிக்கொண்டு அவள் அந்தத் தடத்தில் போகவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆங்கரேஜ் போய், விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அனன்யா அவளுக்கு ஃபோன் செய்வாள். பெரும்பாலும் சம்பளம், மேலதிகாரி, பல்வலி என்று பேசுவார்கள்.

2001 மார்ச் மாதம் வேலைப் பயிற்சிக்காக லோரா பக்கத்து நியூவர்க் நகரத்துக்கு வந்தாள். அனன்யா அப்போது கல்லூரிக் கடைசி வருஷம். காரில் போய் அழைத்துவந்தாள். ஜலஜா அந்தப் பெண்ணை முதல் தடவையாகப் பார்த்தாள். உட்காரச் சொல்லி, தோசை வார்த்துப் போட்டாள். லோரா மூன்று சாப்பிட்டாள்.

நாலாவதைத் தட்டில் வைத்துவிட்டு ஜலஜா அங்கேயே நின்றாள். "டிட் ஹி சஃபர்?" என்றாள்.

அனன்யா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

லோரா யோசித்துத்தான் சொன்னாள்: "முதல் ஒரு மணி நேரம் ரொம்ப. அப்புறம் இல்லை."

ஜலஜா தலையை ஆட்டினாள். கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போய், கல்லில் எண்ணெய் விட்டு, அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.