வெர்லின் பெட்டியில் இருந்த சீட்டு

வெர்லின் ஸ்டௌஃபர் தபால் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் பென்சில்வேனியா துப்பாக்கி சுடும் கிளப்பில், குறித்தாளில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் இறக்குவான். எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் அவனுக்குத் துப்பாக்கி செய்துகொடுத்தவரிடம்தான் நானும் செய்து வாங்கினேன். தோட்டாவுக்கு வெடிமருந்தை அவனே நிறுத்துப் போடுவான். அளவை மட்டும் சொல்ல மாட்டான். போன வாரம் அவன் தோட்டாப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, அதே அளவைப் போட்டேன். இன்று என் குண்டுகள் குறித்தாளெங்கும் சிதறின.

வெர்லின் சிரித்தான். "என் சீட்டைத்தானே பார்த்தே, டெல்பர்ட்? அது தேறாதுன்னு நான் ஒதுக்கின அளவுப்பா. துப்பாக்கிக் குழாயைச் சூடாக்க மட்டும் சுடுவேன்."

அப்பாடா, தப்பு என்னிடம் இல்லை, மருந்து அளவில்தான் என்று நிம்மதியானேன்.

"இப்படிக் கொடு" என்று என் துப்பாக்கியை வாங்கி, மீதியிருந்த என் தோட்டாக்களையே சுட்டான்.

ஐந்தும் ஒரே ஓட்டை.