சற்று முன்

அப்பா கல்வராயன் மலையில் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்கி வரவில்லை. வெள்ளிமலையைத் தாண்டி, டவர் எட்டாத ஓர் ஊரில், வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கள்ளக்குறிச்சிக்கு வந்து என்னோடு இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். "உங்க ஊரு வெயிலு எனக்கு ஆவாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பிடிவாதத்தில் நானும் அவருக்கு இளைத்தவள் இல்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று தினமும் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சொல்லி, அவருடைய போனில் ஒரு பட்டனைச் செய்து வைத்தேன்.

என் பிழைப்பே அதுதான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி வலைப்பக்கங்கள் எழுதித் தருகிறேன். 'ஐந்து நிமிடம் முன்பு', 'இரண்டு நாள் முன்பு' என்று பக்கங்களில் வருகிறதே, அதை ஜாவாஸ்கிரிப்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. இப்போதைய நேரத்திலிருந்து அப்போதைய நேரத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிற வினாடிகளை அறுபதால் வகுத்தால் நிமிடம், இன்னொரு அறுபதால் வகுத்தால் மணி. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 'சற்று முன்'. இதில் மூளைக்கு வேலை ஒன்றும் கிடையாது.

அப்பா காலையில் பட்டனை அமுக்குவார். சிக்னல் இல்லாவிட்டால் போன் அதைப் பிடித்து வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். என் வலைப்பக்கத்திலும் தம்பியின் போனிலும் 'அப்பா நலம், சற்று முன்' என்று வரும். முதல் வாரமே கோளாறு. அவர் போன் அரதப் பழசு. சார்ஜ் இறங்கி அணைந்து எழுந்தால் தேதி எங்கேயோ போய்விடும். ஒருநாள் 'அப்பா நலம், ஒன்பது வருடம் முன்பு' என்று காட்டியது. "அப்பவாவது நல்லா இருந்தாரே" என்று தம்பி சிரித்தான். எனக்கு எரிச்சல். அவர் அமுக்கிய நேரத்தை ஓர் ஓரத்தில் பதிந்து வைத்துவிட்டு, செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கழிக்கும்படி மாற்றினேன். சர்வரின் கடிகாரம் தப்பாது. எழுந்து போய் டீ போட்டேன்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுப் பாறை வரை அப்பா நடந்து போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தச் சாக்கிலாவது காலையில் கொஞ்சம் நடக்கிறாரே என்று சந்தோஷம் வேறு.

பிறகு ஒரு வாரம், சனிக்கிழமைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. மழை பெய்தால் ஒருநாள் விட்டுப்போவது உண்டுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வலைப்பக்கம் 'மூன்று நாள் முன்பு' என்றது. வடக்கனந்தலில் பயிர் வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். காலை பஸ்ஸுக்கு மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மாறியது. அப்பா நலம், சற்று முன். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"போவாத. அப்பா அமுக்கிட்டாரு."

"நெஜமாவா?"

"இப்பதான். வூட்டுக்குத் திரும்பிப் போ."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். அன்று முழுக்க நான் நன்றாக வேலை பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் அப்பாவை ஒரு ஜீப்பில் போட்டு மலையிலிருந்து இறக்கினார்கள். அவர் ஊரில் பால் எடுக்கிறவர் கூடவே வந்திருந்தார். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை நெம்பித் திறந்தவர் அவர்தான். அப்பா தரையில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார். ஆனால் அடையாளம் தெரிந்துதான் பார்த்தாரா என்று தெரியவில்லை.

டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"நேத்து காலைல, ஒம்பது மணிக்கு" என்றேன். என்னைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? டாக்டர் எழுதிக்கொண்டார்.

பால்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "நேத்து அவரு போனு எங்கிட்டதாம்மா இருந்துச்சு."

"உங்க கிட்டயா? இன்னா சொல்றீங்க?"

"ஊர்ல எல்லாரும் காலைல போன எங்கிட்ட குடுத்துடுவாங்கம்மா. பையில போட்டு எடுத்துக்கினு போயி வெள்ளிமலை டீக்கடையில சார்ஜ் போடுவேன். வர்றது போறதெல்லாம் அங்கியே வந்து போயிடும். சாயங்காலம் திருப்பிக் குடுப்பேன். ஞாயித்துக்கெழம காலைல பட்டன அமுக்கிட்டுதான் குடுத்தாரு. வாங்கி வச்சதும் மச்சான் வூட்ல சாவுன்னு சேதி, ஓடிட்டேன். பை வூட்லயே கெடந்துச்சு. நேத்து காலைலதான் போயி சார்ஜ்ல போட்டேன்."

புதன்கிழமை சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கதவு சாத்தியிருந்ததாம். தூங்குகிறார் போல என்று வந்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா குழாயடியில் தண்ணீர் பிடித்ததைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. டாக்டர் என் ஒன்பது மணியை அடித்துவிட்டு, செவ்வாய் என்று எழுதினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன். வெகுநேரம் மடக்கி வைத்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கல்நெஞ்சக்காரி என்று ஒரு அத்தை சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் கணினியைத் திறந்தேன். பக்கம் 'அப்பா நலம், 19 நாள் முன்பு' என்றது. வந்து சேர்ந்த நேரத்தை எடுத்துவிட்டு, ஓரத்தில் பதிந்து வைத்திருந்த அமுக்கிய நேரத்தைப் போட்டேன். அது நம்ப முடியாத தேதியாக இருந்தால் மட்டும் பழையபடி காட்டச் சொன்னேன். மொத்தம் இரண்டு வரி. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பக்கம் '22 நாள் முன்பு' என்று மாறியது.

தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கே இப்டி இருந்திருந்தா, புதன்கெழம இன்னா காட்டியிருக்கும்?"

"மூணு நாள் முன்புன்னு."

"அப்ப நான் போயிருப்பேன்."

"மதியத்துக்குள்ள அப்பாகிட்ட இருந்திருப்ப" என்றேன். என் குரல் யாருக்கோ மென்பொருள் விளக்கம் சொல்வதுபோல இருந்தது.

அவன் கோபமே இல்லாமல் சொன்னான்.

"பஸ்ல ஏறி ஒக்காந்துட்டேன்க்கா. டிக்கெட்டுகூட எடுத்துட்டேன். நீ போன் பண்ணதும்தான் எறங்கனேன்."