கோமளா மேடம் தாண்டாத பக்கம்

திருவெறும்பூர் டீக்கடை வாசலில் பாதி வடையோடு நின்றிருந்தபோது போன் வந்தது. "சார், கோமளா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா" என்றார் அவருடைய கணவர் சௌரி சார். ஸ்ரீரங்கத்து வைணவர்கள் மரணத்தை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு உறைக்கவில்லை. மேடம் ஏதோ மடத்துக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து, "எப்ப சார் திரும்பி வருவாங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். "நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றார் சார். அப்புறம்தான் புரிந்தது.

நம் கல்லூரி ஆசிரியர் அறையில் மேடத்துக்கும் எனக்கும் ஒரே மேஜை. அவர் வரலாறு. நான் வணிகவியல், உபதொழில் வம்பு. ஐம்பது வயதைத் தாண்டியபின் மேடம் பாலி மொழி படிக்க ஆரம்பித்தார். புத்தர் சொன்னதை இன்னொருவர் வாய்வழியாகக் கேட்பதில் அவருக்குச் சம்மதமில்லை. "ஐயங்கார் மாமி மொட்டையடிச்சுக்கப் போறாங்க" என்று அறையில் பேச்சு. அதைச் சுடச்சுட அவரிடமே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"மொட்டைன்னா எண்ணெய் மிச்சம்தான். ஆனா ஆத்துல பெருமாளுக்கு யார் அடுப்பு மூட்டித் தளிகை பண்றது? நீங்க வர்றேளா?" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கொண்டுவந்து உருக்கித்தான் ஓர் ஆழ்வார் கோயில் மதிலைக் கட்டினாராம். மேடத்தின் வீடு உத்தர வீதியில், அந்த மதிலைப் பார்த்தபடி. "நிஜமோ கதையோ, புத்தர் இந்த மதில்ல இருக்கார்னு ஊரே சொல்றது. கூடவே குடியிருக்கிறவரோட அவர் பாஷையில நாலு வார்த்தை பேச வேண்டாமா சார்?" என்பார்.

சௌரி சார் கோயிலில் பாசுரத்தை ராகமாகச் சேவிக்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர். காலையில் கூடத்தில் அவருடைய பாசுரம், மாலையில் சமையலறையில் மேடத்தின் பாலி. பாலிப் புத்தகம் பெருமாள் அறைப் பக்கம் வரக்கூடாது என்று ஒப்பந்தம். அது ஊஞ்சலில் கிடந்தால் சார் கையால் தொடமாட்டார், விசிறிக் காம்பால் தள்ளிவிட்டு உட்காருவார். கண்ணால் பார்த்தேன்.

எனக்கும் சொல்லிக்கொடுக்க முயன்றார் மேடம். "அர்த்தம் புரியலேன்னா போறது, சத்தமா படிங்கோ. வாய் பழகிண்டா மனசு பின்னாடியே வந்துடும்." என் வாய்க்கு வேறு அலுவல்கள் இருந்ததால் சீக்கிரமே ஓடிவிட்டேன்.

அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் பகுதி நெருங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடுவார். "முடிச்சுட்டா அவர் போயிடுவாரே!"

"அவர் போய் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம்."

"உங்க ஆத்துலேர்ந்து போயிருக்கலாம்."

போன வருஷம் சர்க்கரை அவர் பார்வையைப் பறித்தது. "தள்ளிப் போட்டுண்டே இருந்துட்டேன் சார். இனிமே எப்படிப் படிப்பேன்?" என்று போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். படித்துக்காட்ட ஆள் தேடித் தென்னூர் வரை அலைந்துவிட்டு, வெறுங்கையோடு உத்தர வீதிக்குப் போனேன்.

வாசலிலேயே பாசுர ராகம் கேட்டது. உள்ளே பெருமாள் அறையை ஒட்டிக் கட்டில், கட்டிலில் மேடம். பக்கத்தில் பளிச்சென்ற திருமண்ணோடு சௌரி சார், அவர் மடியில் அந்தப் புத்தகம்! நாகரி எழுத்தில் அச்சானது, வடமொழி படித்த அவருக்கு எழுத்து பழக்கம். புத்தரின் வார்த்தைகளைப் பாசுரம் போலவே சேவித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். எழவு வீட்டிலும் ஜோக்கடிப்பவன் நான். நின்ற இடத்திலேயே கைகூப்பியிருந்தேன். பெருமாளையா, புத்தரையா, அந்த இரண்டு பேரையா, தெரியாது.

"யாரு, சாரா? கேட்டேளா கச்சேரியை? ராகம் பெருமாளோடது, வார்த்தை புத்தரோடது, தப்பெல்லாம் இவரோடது" என்றார் மேடம்.

மேடத்தின் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் போனபோது கேட்டேன்: "முடிச்சீங்களா சார்?"

"இல்லை. புத்தர் போகப்போறார்னு தெரிஞ்சு சிஷ்யர் ஒருத்தர் கதவைப் பிடிச்சுண்டு அழற இடம் வர்றது. 'இதோட போறும், மிச்சம் நீங்க படிச்சுக்கோங்கோ'ன்னுட்டா கோமளா." நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தார் சார். "தனியா முடியாது சார். நீங்களும் வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அவர் ஒரு வரி, மேடம் சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கூட்டி நான் ஒரு வரி. அர்த்தம் புரிவதில்லை, சத்தமாகப் படிக்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுவும், அவருடைய அந்தத் திருட்டுத்தனமும்தான். கதவைப் பிடித்து அழும் இடம் வந்ததும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சார் மெதுவாக முதல் பக்கத்துக்குப் புரட்டுகிறார்.