வளைவில் காணாமல் போன சாலை

கணினியில் நான் ஓட்டிய பஸ் முதல் தடவை காவிரிக்குள் இறங்கியபோது நான் நிஜமாகவே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். விளையாட்டுதான், தெரியாமல் இல்லை. ஆனால் நான் தொழிலுக்கே பஸ் டிரைவர். சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளம்பி, ஆற்றங்கரையோரமாகவே ஜீயபுரம் தாண்டிப் போய்வரும் தனியார் பஸ். இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்டவனுடைய பஸ் தண்ணீருக்குள் தலைகுப்புறக் கிடந்தால், அது திரையில்தான் என்றாலும் உடம்பு கேட்காது.

அந்தக் கணினி என் மச்சினனுடையது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், வெளிநாட்டுக்குப் போகும்போது அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை இறக்கிவைத்துவிட்டுப் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெல்லாம் எரியும் மெஷின். கூடவே ஸ்டியரிங், கியர், மூன்று பெடல். "எதைப் போட்டாலும் தாங்கும் மாமா, லாரி இன்ஜின் மாதிரி" என்று சொல்லி, ஒரு பஸ் விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தான். நம் ஊர்ப் பையன்கள் யாரோ மெனக்கெட்டு எங்கள் ரூட்டையே அதில் வரைந்திருந்தார்கள். வாழைத் தோட்டம், ரயில்வே கேட், டீக்கடை பெஞ்சு வரைக்கும் அப்படியே இருந்தது.

தனியார் பஸ்ஸில் ஒருநாள் வண்டி, ஒருநாள் ஓய்வு. ஓய்வு நாளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவேன். "நேத்தெல்லாம் பஸ்ஸு, இன்னைக்கும் பஸ்ஸா? சம்பளமாவது தர்றாங்களா இதுக்கு?" என்பாள் மனைவி. என்னைக் கிண்டல் செய்வதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

கோளாறு இதுதான். வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நடுவில் கொஞ்சம் சாலை காணாமல் போய்விடும். புளியமரத்தடியில் இருந்த பஸ், கண் இமைப்பதற்குள் அதற்கப்புறம் வரும் வளைவையும் தாண்டிப் பள்ளத்தில் கிடக்கும். திக்கித் திணறி நிற்பதில்லை, நடுங்குவதில்லை. இங்கே இருந்தது அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மச்சினனுக்கு போன் போட்டுக் கத்தினேன். "என்னடா மாப்ள மெஷின் இது? பிக்கப்பே இல்ல. பெரிய லாரி இன்ஜின்னு பீத்திக்கிட்ட?"

அவன் பொறுமைசாலி. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயராம், அதைப் புதுசாக மாற்றச் சொன்னான். டிரைவரை மாற்று என்று ஒரு டிரைவரிடமே சொல்கிறாயே என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். மானிட்டர் வயர் சரியான இடத்தில் செருகியிருக்கிறதா என்று பார்த்தோம். கரெண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஃபிரிட்ஜுக்கு இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்குப் போட்டேன். படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். தென்னை மரமெல்லாம் அட்டையில் வெட்டி நட்டதுபோல் ஆயிற்று, காவிரி வெறும் சிமென்ட் தரையாகிவிட்டது. அப்படியும் சாலை காணாமல் போவது நிற்கவில்லை.

"சூடாகுதோ என்னவோ. உள்ள தூசி இருந்தா எடுத்துடுங்க மாமா" என்றான். நான் பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்து, திருவானைக்காவல் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், டயருக்குக் காற்று அடிக்கிற குழாயாலேயே உள்ளே அடித்துக் கொண்டுவந்தேன். எங்கள் வண்டியின் ஏர் ஃபில்டரை நான் சுத்தம் செய்வது அப்படித்தான். அதைக் கேட்டதும் மச்சினன் அலறிவிட்டான். அந்தக் காற்றில் தண்ணீர் இருக்குமாம், போர்டே போயிருக்குமாம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடச் சுத்தமாக, முன்பைப் போலவே ஓடியது. அன்று மாலையும் பஸ் ஆற்றுக்குள் போயிற்று.

அதற்குள் அந்த வளைவு வந்தாலே எனக்கு வியர்க்க ஆரம்பித்திருந்தது. ஆனால் வளைவில்தான் வரும் என்றும் இல்லை. எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் பெரிய இம்சை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியவே மாட்டேங்குது மாமா. மெஷின் திணறினா இப்படி இருக்காது" என்ற மச்சினன், கடைசியாக இரண்டு வேலை செய்தான். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு ஓடும்படி செய்தான். மெஷின் ஒழுங்காக ஓடினால் கோடு நேராக இருக்கும், திணறினால் கீழே விழும். அப்புறம், ஓட்டுவது முழுவதையும் வீடியோவாகப் பதிவு செய்ய வைத்தான். "அடுத்த தடவை ஆனவுடனே அனுப்புங்க. கையும் களவுமா புடிச்சிடலாம்."

அடுத்த ஓய்வு நாளிலேயே ஆயிற்று. முற்பகல் நேரம். மனைவி கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் பள்ளத்தில் கிடந்ததைப் பார்த்ததும், "மாட்டிக்கிட்டியா!" என்று எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் நானே வீடியோவைப் போட்டுப் பார்த்தேன்.

புளியமரம் வந்தது. அதற்கப்புறம் சாலை காணாமல் போகவில்லை. ஒரு மைல்கல் வந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்து கடந்து போயிற்று. ஒரு மதகு வந்தது. இவற்றில் எதையுமே நான் பார்த்திருக்கவில்லை. பச்சைக் கோடு ஆணி அடித்த மாதிரி நேராக ஓடியது. பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று. திரையில் தெரியும் ஸ்டியரிங் மட்டும் அசையவே இல்லை. காலிச் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, விட்டு விட்டு, விட்டு விட்டு, யாரையோ கூப்பிடுவதுபோல. வளைவு வந்தது. பஸ் திரும்பாமல் நேரே இறங்கியது.

அந்த ஹாரனை நான் அடிக்கவில்லை. அடித்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் என் கையைத் தவிர அங்கே வேறு கை ஏது?

மறுபடி போட்டுப் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன? அப்பப்ப இப்படித்தானே ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பீங்க. கூப்ட்டாலும் திரும்ப மாட்டீங்க. வெத்தல போட்ட மாதிரி வாய மென்னுக்கிட்டு வேற இருப்பீங்க. விளையாட்டு மும்முரம்னு நெனச்சு விட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

அப்போதுதான் எனக்கு அந்த முத்தரசநல்லூர் விஷயம் மண்டையில் உறைத்தது. அதற்குச் சில வாரம் முன்னால் நிஜ பஸ்ஸில் அங்கே நிறுத்தாமல் போய்விட்டேன். இறங்கவேண்டியவர்கள் கூச்சல் போட, அடுத்த நிறுத்தத்தில் நிறுத்திக் கண்டக்டரைப் பிடித்துத் திட்டினேன், "விசில் அடிக்காம தூங்கிக்கிட்டு இருந்தியா?" என்று. அவன் சத்தியம் பண்ணினான். "அடிச்சேண்ணே, அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீங்கதான் காதுல வாங்கல." அவன் பொய் சொல்கிறான் என்று அன்று முழுக்க அவனோடு பேசாமல் இருந்தேன். அந்த இடத்தில் சாலை நேராக இருந்தது. வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடம் விட்ட நேரம். சாலை நேராக இருந்ததால் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "மாமா, மெஷின்ல ஒண்ணுமே இல்ல" என்றான். அப்புறம், "அக்காகிட்ட குடுங்க" என்றான்.

மறுநாள் எனக்கு வண்டி. போனை வைத்துவிட்டு வந்தவள், "நாளைக்கு எடுக்காதீங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஊரில் எவனுக்கு அசதி இல்லை, வெயிலில் ஓட்டுகிறவனுக்குக் கண் கட்டத்தான் செய்யும், ஒரு பொம்மை விளையாட்டை வைத்து என் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்க்கிறீர்களா அக்காளும் தம்பியும் என்று என்னென்னவோ கத்தினேன். கத்தக் கத்த எனக்கே என் பயம் நன்றாகக் கேட்டது. ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறு எதுவுமே தெரியாது. முதலாளியிடம் என்னவென்று சொல்வது? நடுவில் நான் இல்லாமல் போய்விடுகிறேன் என்றா?

அவள் நறுக்கிய காயை அள்ளித் தட்டில் போட்டாள்.

"சரி. போங்க. ஆனா நானும் வர்றேன். முதல் ட்ரிப்லேருந்து கடைசி ட்ரிப் வரைக்கும் உங்க பக்கத்து சீட்டுல உக்கார்றேன். என்னை வெச்சு ஓட்டுவீங்களா?"

ஓட்டுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வளைவும், அதில் நேராக இறங்கிய பஸ்ஸும், முன் சீட்டில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இவளும் ஒன்றாகக் கண்ணில் வந்தார்கள். அவளை ஏற்ற மாட்டேன் என்றால் மற்றவர்களை மட்டும் எப்படி ஏற்றுவது? உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு முதலாளிக்கு போன் செய்தேன். உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். "எத்தன நாளைக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

தில்லைநகரில் ஒரு நரம்பு டாக்டர் தலை முழுக்க வயர் ஒட்டிப் பார்த்தார். கண்ணெதிரே விளக்கை மினுக்கி மினுக்கியும் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் கணினியின் மேல் குற்றம் இல்லை என்றார். மச்சினனுக்கு அனுப்பிய வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"கீழ விழுந்து கைகால் இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்லைங்க. இதுவும் ஒரு வகை வலிப்புதான். மாத்திரையில கட்டுப்படும். பயப்படாதீங்க" என்றார்.

"வண்டி ஓட்டலாமா சார்?"

"பஸ்ஸ மறந்துடுங்க" என்றார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். சத்திரத்திலேயே நேரக் காப்பாளராக முதலாளி ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். என் வண்டியை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்து நேரம் சொல்கிறேன். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது பயம்தான். கணினி திணறினால் பச்சைக் கோடு காட்டிக் கொடுக்கும். நான் காணாமல் போகும் நேரத்தை நான் மட்டும் பார்க்கவே முடியாது. இப்போது இதை எழுதும்போதும், முந்தைய வரிக்கும் இந்த வரிக்கும் நடுவில் நான் இங்கேதான் இருந்தேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பக்கத்தில் ஆள் இருந்தால் விளையாடலாம் என்று டாக்டர் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓட்டுகிறேன். மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். படத்தின் தரத்தைப் பழையபடி கூட்டியதில் மரங்களுக்கெல்லாம் இலை திரும்ப வந்துவிட்டது. காவிரியில் தண்ணீர் ஓடுகிறது.

"ரோட்டப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு" என்பேன்.

"நீங்க பாருங்க" என்பாள். அவள் திரையின் பக்கமே திரும்புவதில்லை. என் வாயையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளைவைத் தாண்டியதும் கேட்பேன், "இருந்தேனா?"

"இருந்தீங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பேன்.