ஒரு ரயரும் தரமாட்டன்

புஷ்பக்காவுக்கு வாய் கூட எண்டு எங்கட சந்தியில ஆரிட்டக் கேட்டாலும் சொல்லுவாங்க. உண்மைதான். கனகாலமா அவட்ட வாங்கிக் கட்டிக்கொண்டுதான் நானும் பக்கத்துக் கடையில இருக்கிறன்.

கண்டி வீதியில, உள்துறைமுகம் தெரியிற இடத்தில ரெண்டே ரெண்டு கடை. ஒண்டு எங்கட தேத்தண்ணிக் கடை. என்ட மனிசன் சரீப் ரொட்டி போடுவார், நான் தேத்தண்ணி ஆத்துவன். மற்றது புஷ்பவதி அக்காட ரயர் ஒட்டுற கடை. ஓம், பொம்பிளைதான். லொறி ரயரையும் தனியக் கழட்டிப் போடுவா. புதுசா வாற டிரைவர்மார் “ஐயா இல்லையா?” எண்டு கேட்டால், “ஐயா செத்துப்போனார், எழுப்பிக்கொண்டு வரவோ?” எண்டு கேப்பா. அதுக்குப் பிறகு அவங்க வாயைப் பொத்திக்கொண்டு நிப்பாங்க.

ஐயா எண்டது அவட மனிசன் இராசையா. கடையைத் தொடங்கினது அவர்தான். ஆனால் நான் இங்க வந்த காலந்தொட்டு அந்த மனிசன் ஒரு ரயரைத் தொட்டதை நான் காணயில்லை. பின்பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருப்பார். இடுப்பு நோ எண்டு அக்கா எல்லாருக்கும் சொல்லுவா. எனக்கெண்டால் சரியான எரிச்சல். பொம்பிளை வேர்த்து ஒழுக லொறிச் சில்லோட மல்லுக்கட்டுறா, இவர் காத்து வாங்குறார். ‘நல்ல சோம்பேறியாப் பார்த்துக் கட்டியிருக்கிறீங்க’ எண்டு ஒருநாள் முகத்துக்கு நேரயே சொல்லிப்போட்டன். அவ திருப்பி ஏசவே இல்லை. அதுதான் எனக்குப் புதினமா இருந்தது. கொரோனாவுக்கு அடுத்த வருஷம் அந்த மனிசன் மௌத்தாகிற்றார்.

உதவாத பழைய ரயரெல்லாம் கடைக்குப் பக்கத்தில குவிஞ்சு கிடக்கும். வள்ளத்துக்கு அணைப்பாக் கட்ட மீன்பிடிகாரர் வந்து கேட்டால் சும்மா குடுப்பா. வேற ஆருக்கும் இல்லை. ஹர்த்தால் வந்தால், ஆர்ப்பாட்டம் வந்தால், ரோட்டில எரிக்க ரயர் தேடி எல்லாரும் வாறது அவட்டத்தான். எங்கட முஸ்லிம் ஆக்களும் வந்திருக்கிறாங்க, அவட தமிழ் ஆக்களும் வந்திருக்கிறாங்க, கட்சிக்காரரும் வந்திருக்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஒரு ரயரும் தரமாட்டன்.

என்ட தங்கச்சிட மகன் றிகாஸ் ஒருக்கா வந்து ஏச்சு வாங்கிக்கொண்டு போனவன், ‘அந்த மனிசிக்கு எங்கட ஆக்களைக் கண்ணில காட்ட ஏலாது’ எண்டு கதை பரப்பினான். அவட ஆக்கள், ‘புஷ்பவதி சோனகருக்கு வால்பிடிக்கிறா’ எண்டாங்க. ரெண்டு கதையும் அவட காதுக்கு வந்தது. “ரெண்டு கூட்டமும் ஒண்டாக் குந்திக் கதைச்சு, நான் ஆருக்கு எதிரி எண்டு முடிவெடுத்துப்போட்டு வரட்டும்” எண்டு சொல்லிப்போட்டு ரியூபுக்குக் காத்தடிக்கப் போயிற்றா.

போன ஆவணியில, எங்கட ஆக்கள் கூட இருக்கிற கிண்ணியாப் பக்கத்து ஓட்டோ ஒண்டும் எங்கட பகுதித் தமிழ்ப் பொடியன் ஒருத்தன்ட மோட்டார் சைக்கிளும் மோதினது. பொடியனுக்குக் கால் முறிஞ்சது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பின்னேரத்துக்குள்ள ஃபோனுக்குள்ள அவன் ரெண்டு தரம் செத்துப்போனான். ஒருக்கா ஆஸ்பத்திரியில, ஒருக்கா நடுரோட்டில அடிபட்டு. அடிச்சது பத்துச் சோனகர் எண்டு ஒரு மெசேஜ், முப்பது எண்டு இன்னொண்டு. ஓட்டோவுக்குள்ள முப்பது பேர் எப்படி இருந்தாங்க எண்டு ஒருத்தனும் யோசிக்கயில்லை. நாசமாப் போன ஃபோன்.

நாலு மணியைப் போல தமிழ் இளந்தாரிமார் சந்திக்கு வந்து சேர்ந்தாங்க. கிண்ணியாப் பக்கத்துப் பஸ்ஸுகளை மறிக்கவேணுமாம், அதுக்கு ரயர் வேணுமாம். சரீப் கடைக் கதவை இழுத்துப் பூட்டப் போனார். என்ட மகள் நப்லா கிண்ணியாவில படிப்பிக்கிறா. அவ வாற பஸ் வாற நேரம் அது. ஃபோன் எடுத்தன், பதில் இல்லை. ரயர் எரிஞ்சால் பஸ் நிக்கும். பஸ் நிண்டால் கதவு திறக்கும். அதுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு இந்த மாவட்டத்தில பிறந்த ஒருத்திக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

முன்னுக்கு ஆரைத் தள்ளிக்கொண்டு வந்தாங்க தெரியுமா? வினோதனை. புஷ்பக்காட ஒரே மகன். உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸில வேலை. தாயிட்டக் கேக்க மகனை அனுப்பினால் மனிசி குடுக்கும் எண்டு கணக்குப் போட்டிருக்கிறாங்க. இவன் என்ட கடையில பணிஸ் திண்டு வளர்ந்தவன். நப்லாவைத் தங்கச்சி எண்டுதான் கூப்பிடுவான். தனிய வந்தால் “மாமி, ஒரு பிளேன்டீ” எண்டு சிரிக்கிற பிள்ளை, அண்டைக்கு என்ட முகத்தை ஏறெடுத்தும் பார்க்கயில்லை. அங்க நிண்ட ஒவ்வொருத்தனும் மற்றவனைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டான். மற்றவன் என்ன செய்யிறானோ அதைச் செய்ய எல்லாரும் ரெடி. எனக்கு அதைக் கண்டுதான் கூடப் பயம் வந்தது.

“அம்மா, ஒரு பத்து ரயர் தாங்கோ.”

“என்னத்துக்கு?” எண்டா அக்கா.

“ரோட்டை மறிக்க மட்டும்தான்.”

“காலுடைஞ்ச பொடியனைப் போய்ப் பார்த்தனியோ?”

“அவன் செத்துப்போனான் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்.”

“எல்லாரும் எண்டால் ஆர்? ஒரு பேர் சொல்லு.”

வினோதன் திரும்பிப் பின்னுக்குப் பார்த்தான். பின்னுக்கு நிண்டவன் தனக்குப் பின்னால பார்த்தான். ஒரு பேரும் வரயில்லை. “அம்மாட்ட என்ன கதை, தூக்குங்கடா!” எண்டு ஒரு குரல் மட்டும் வந்தது.

புஷ்பக்கா கையில இருந்த ரயர் கழட்டுற இரும்பைக் கீழ போட்டா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரயர்க் குவியலுக்கு மேல ஏறிக் குந்தினா.

“வினோதன், உன்ட அப்பாவுக்கு இடுப்பு நோ இல்லையடா.”

அவனுக்கு விளங்கயில்லை. எனக்கும் விளங்கயில்லை.

“நீ பிறக்க முந்தி இதே மாதிரித்தான் வந்தாங்கள். மறிக்க மட்டும்தான் எண்டு இதே கதைதான் சொன்னாங்கள். அப்பா பயந்துபோய்க் குடுத்தார். குடுத்தது மட்டுமில்லை, தன்ட கையால வண்டிலில ஏத்திக்கொண்டு போய் இறக்கியும் விட்டார். அண்டைக்கு அதில ஒரு பஸ் நிண்டது. இறக்கின சனத்துக்கு மேல அந்த ரயரைத்தான் போட்டுக் கொளுத்தினவங்கள். அப்பா நிண்டு பார்த்தவர். தான் பெயின்ற்றால இலக்கம் எழுதின ரயர் எரிஞ்சதைப் பார்த்தவர். அதுக்குப் பிறகு அந்த மனிசன் ரயரைத் தொடவுமில்லை, ஒழுங்கா நித்திரை கொள்ளவுமில்லை. இடுப்பு நோ எண்டு ஊருக்குச் சொன்னது நான்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டத்துக்குள்ள ஒருத்தன் கேட்டான்: “எரிச்சது எந்தச் சனத்தை?”

“பார்த்தியோ, உனக்கு முதல்ல அதுதான் தெரியவேணும். பஸ்ஸில வந்த சனம். காணுமோ?” எண்டா அக்கா. “ரயர் வேணுமெண்டால் இப்படியே கொளுத்துங்கோ, நான் இறங்கமாட்டன். என்னட்ட நெருப்புப்பெட்டியும் இருக்கு. அதை வாங்கக் கூட்டமா வராதையுங்கோ. ஒராள் வந்து வாங்குங்கோ.”

பெட்டியை நீட்டிப் பிடிச்சபடி இருந்தா. ஒருத்தனும் வரயில்லை. அத்தனை பேர் நிண்டும் அந்தப் பெட்டியை வாங்க ஒரு கை இல்லை.

ஆனால் கல்லெறியக் கை இருந்தது. பின்னுக்கிருந்து வந்த கல் அவட புருவத்துக்கு மேல பட்டது. ரத்தம் கண்ணை மறைச்சுக்கொண்டு ஓடினது. வினோதன் அதைக் கண்டதுதான் தாமதம், கீழ கிடந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சான். அக்கா குவியலில இருந்து சறுக்கி இறங்கி, அவன்ட சேர்ட்டைப் பின்னால எட்டிப் பிடிச்சா. சேர்ட் கிழிஞ்சது, பிடியை விடயில்லை.

“எனக்காண்டி ஒருத்தன்ட மண்டையை உடைக்கப் போறியோ? அவங்களும் காலுடைஞ்சவனுக்காண்டித்தான் வந்தவங்கள். போடு கீழ.”

“அம்மா, ரத்தம் ஓடுது!”

“என்ட ரத்தம். நான் சொல்லுறன், போடு.”

தாயும் மகனும் இழுபட்டுக்கொண்டு நிக்க, கிண்ணியா பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்தது. ரோட்டில ஒண்டும் இல்லை. அது நிக்காமல் எங்களைக் கடந்து போயிற்று. ஜன்னல்பக்கம் நப்லாட முகம் ஒரு கணம் தெரிஞ்சது. நான் அப்படியே நிலத்தில குந்தினன். இரும்பு விழுற சத்தமும் கேட்டது. பஸ் போன பிறகு அங்க நிக்க ஒருத்தனுக்கும் ஒரு காரணமும் இருக்கயில்லை. ஒவ்வொருத்தனா நழுவினாங்க.

ஆஸ்பத்திரியில தையல் போட்ட உடனயே அக்கா பொலிஸுக்குப் போகவேணும் எண்டு நிண்டா. வினோதனும் நாங்களும் கூடப் போனம். ஊர்ப் பெரியவர் ஒருத்தரும் எங்கயோ கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

“இனந்தெரியாத கும்பல் எண்டு போட்டால் காணும் தங்கச்சி. ஊருக்குள்ள பிரச்சினை வேண்டாம்” எண்டார் அவர். பொலிஸ்காரரும் தலையாட்டினார், அவருக்கும் வேலை குறையும்.

“கும்பல் எறியயில்லை. எறிஞ்சது ஒருத்தன். நான் கண்ணால கண்டனான்” எண்டா அக்கா.

வினோதன் குனிஞ்சு நிலத்தைப் பார்த்தான். ஆரெண்டு அவனுக்கும் தெரியும், எறிஞ்சதை நானும் கண்டனான். நிதர்சன், இவன்ட உயிர்க் கூட்டாளி, அக்காட கையால எத்தனையோ நாள் சோறு திண்டவன். நான் அவட கையைப் பிடிச்சன்.

“விடுங்க அக்கா. பேரைச் சொன்னீங்க எண்டால் வினோதன் உங்களோட கதைக்கமாட்டான்.”

“கதைக்காட்டிப் போகட்டும். பஸ்ஸை எரிச்சதையும் கும்பல் எண்டுதானே எழுதினவங்கள். அதால இண்டுவரைக்கும் அதை ஒருத்தரும் செய்யயில்லை எண்ட கணக்கு. கட்டின மனிசன்ட பேரையே நடுச்சந்தியில சொல்லிப்போட்டு வந்திருக்கிறன் றம்ஸியா. கல்லெறிஞ்சவன்ட பேரை விழுங்கச் சொல்லுறியோ?” பொலிஸ்காரர் பக்கம் திரும்பினா. “எழுதுங்கோ. நிதர்சன்.”

வினோதன் வெளியில போயிற்றான். பெரியவரும் எழும்பிப் போனார்.

“வேற ஆரும் கண்டவங்க இருக்கிறாங்களா?” எண்டு பொலிஸ்காரர் கேட்டார்.

சரீப் என்ட கையை நுள்ளினார். அவர் நினைச்சதும் சரிதான். ஒரு சோனகத்தி சாட்சி சொன்னால் அதையே பிடிச்சுக்கொண்டு நாளைக்கு இன்னொரு கூட்டம் வரும், வந்தால் எங்கட கடைக்குத்தான் வரும். நுள்ளின இடம் நல்லா நொந்தது.

“போடுங்க” எண்டன் நான். “றம்ஸியா.”