கழி வேண்டாம் என்று வாங்கிய மிஷின்

காயலான் கடைத் தொழிலில் சரக்கைப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது, விற்கிற ஆளின் முகத்தையும் பார்த்து வாங்க வேண்டும். அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கத் தவறினேன். ஐயா, பட்டாபிராமில் ரயில் சைடிங் பக்கம் கொட்டகை போட்டுப் பட்டாளத்துப் பழசு விற்கிறவரே, உம்மைத்தான் சொல்கிறேன். என் மிஷினுக்கு என்ன கோளாறு என்று நீர் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டீர். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டீர். பழசு வாங்கி நொந்த சகோதரர்கள் இதைப் படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று அவர்களே சொல்லட்டும்.

கடப்பாரையே கதி

சண்டை முடிந்து பட்டாளம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அவர்கள் அடித்த முளை, விரித்த முள்கம்பி, புதைத்த தகர டின் எல்லாம் வெள்ளானூரில் உழுகிற கொல்லைகளில் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. முனுசாமி என்ற குடியானவரின் மாட்டுக்குக் குளம்பில் முளை ஏறி, பத்து நாள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பேசினேன். கொல்லையைச் சுத்தம் செய்து தருவது என் வேலை, கிடைக்கிற இரும்பு முழுக்க எனக்கு. இது சரியாக முடிந்தால் சுற்றியுள்ள கொல்லைகளையும் எனக்கே பேசி முடித்துத் தருவதாக முனுசாமி வாக்குக் கொடுத்தார். பதினோரு வயதில் தலையில் கூடை தூக்கித் தெருத்தெருவாகப் பழைய இரும்பு கேட்டு அலைந்தவன் நான். இந்த வேலை கைகூடினால் ஆவடியில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கை வண்டி இழுக்கிற என் கூட்டாளி கன்னியப்பனும் நானும் கடப்பாரையால் முழத்துக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனோம். மூன்று நாளில் ஒரு வரப்பு ஓரம்கூட முடியவில்லை. முனுசாமி வந்து வரப்பில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "ஆடி பொறந்தா நான் ஏர் பூட்டிடுவேன் அண்ணாத்தே. அன்னிக்கு உள்ள இரும்பு கீதுன்னா, உனுக்கும் இந்த ஊருக்கும் அன்னியோட சரி."

மூன்றில் ஒன்று

கண்ணிவெடி தேடுகிற மிஷின் ஒன்று உண்டு, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் காதில் கூவும் என்று கன்னியப்பன்தான் விசாரித்து வந்து சொன்னான். வேட்டி முடிச்சில் ஐம்பது ரூபாயோடு பட்டாபிராம் போனோம். கொட்டகையில் மூன்று மிஷின்கள் இருந்தன. ஒன்று பெட்டி பிரிக்காத புதுசு. அதன் விலையைக் கேட்டதும் கன்னியப்பன் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இன்னொன்றுக்குப் பளபளவென்று பச்சை வர்ணம் அடித்திருந்தது. துருவை மறைக்க வர்ணம் அடிப்பது நானே செய்கிற வேலை, அதனால் அதைத் தொடவில்லை. மூன்றாவது அடிபட்டு நசுங்கியிருந்தாலும் உண்மையான பழசு. கீழே வட்டத் தட்டு, முதுகில் மாட்டப் பாட்டரிப் பெட்டி, காதுக்கு இரண்டு மூடி, பிடித்து நடக்க மரத்தில் கடைந்த நீளக் கழி.

ஐயா, நீர் அதற்கு அறுபத்தைந்து சொன்னீர். மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கத்தி ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே நீர் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கழியை நீரே வைத்துக்கொள்ளும், வெறும் மிஷினை ஐம்பதுக்குக் கொடும், மூங்கிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம் என்றேன். நீர் கழியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு ரூபாயை எண்ணிக்கொண்டு சொன்னீர்: "கழியோட சேந்ததுதான் நைனா மிஷினு. வேணாம்னா அது உங்க இஷ்டம்."

வாசலெல்லாம் இரும்பு

வீட்டுக்கு வந்ததும் நல்ல மூங்கிலாகப் பார்த்து வெட்டி மிஷினைக் கட்டினேன். என் கடையில் கயிற்றுக்கு வேலையே கிடையாது. எதைக் கட்டினாலும் கட்டுக்கம்பிதான். எட்டுச் சுற்று கட்டுக்கம்பி, அதன் மேல் ஓர் இரும்புப் பட்டை, அது நழுவாமல் இரண்டு ஆணி. பட்டாளத்துக்காரனே வந்து பிடுங்கினாலும் அசையாது.

காதில் மாட்டினேன். மிஷின் கூவியது. வாசலில் கூவியது, கொல்லைப்புறத்தில் கூவியது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிடித்தாலும் கூவியது. தட்டை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கினேன், அப்போதும் விடாமல் கூவியது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "காயலாங்கட ஊட்ல வந்து இரும்பு கீதுன்னு சொல்லுது. அது இன்னா பொய்யா சொல்லுது?"

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பதினோரு குழி

வெள்ளானூரில் மிஷின் கூவிய இடத்திலெல்லாம் தோண்டினோம். முதல் குழியில் மண். இரண்டாவதில் மண். ஐந்தாவதில் ஒரு நண்டு. இரும்பு ஆழத்தில் இருக்கிறது, விடாதே என்று கன்னியப்பனை விரட்டினேன். அவன் இடுப்பளவு இறங்கிவிட்டான். பதினோராவது குழி தோண்டும்போது முனுசாமி வந்தார். வரிசையாகக் குழிகளை எண்ணிக்கொண்டே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கெணறு வெட்றதுன்னா மொதல்லியே சொல்லியிருக்கலாமே அண்ணாத்தே, ஏத்தத்துக்கு எடம் பாத்து வெச்சிருப்பேன்."

கோபக்காரன் கண்ட லாபம்

மூங்கிலும் கம்பியுமாக மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் பட்டாபிராம் போனேன். நான் போட்ட சத்தத்தில் சைடிங்கில் வேகன் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வாயாடி மிஷினைத் தலையில் கட்டிவிட்டீர், இப்போதே மாற்றிக் கொடும் என்றேன். ஐயா, அப்போது நீர் மிஷினைப் பார்த்தீர். மூங்கிலைப் பார்த்தீர். எட்டுச் சுற்றுக் கம்பியையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தீர். கடைசியில் என்னைப் பார்த்தீர். உம்முடைய மீசை கொஞ்சம் ஆடியது. நான் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சை வர்ணம் அடித்ததைக் காதில் மாட்டிக் காட்டினீர். ஒரு சத்தம் இல்லை. காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது! மேலே ஏழு ரூபாய் கேட்டீர், ஐந்துக்கு அடித்துப் பேசி ஜெயித்தேன். இம்முறை கழியோடு வாங்கினேன். நான் கிளம்பும்போது நீர் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "உங்க கோவத்துக்குப் பயந்துதான் மாத்திக் குடுக்கிறேன் நைனா. அந்த மூங்கில இங்கியே வுட்டுட்டுப் போங்க, எதுக்கு வீணா செமந்துகினு?"

நல்ல அமைதி

பச்சை மிஷினோடு கொல்லை முழுக்க ஒன்றரை நாள் நடந்தேன். காதில் பூச்சி பறக்கிற சத்தம்கூட இல்லை. பட்டாளத்தார் நல்லவர்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழிகளை மூடிவிட்டு முனுசாமியிடம் போய், தைரியமாக ஏர் பூட்டலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் ஏர் ஓட்டிய இரண்டாவது உழவுச் சாலிலேயே டணார் என்று ஒரு சத்தம். ஏர் நின்றது, அதன் இரும்புக் கொழு முறிந்துவிட்டது. மண்ணைத் தள்ளினால் முழ நீளக் கூடார முளை நிற்கிறது. கன்னியப்பன் ஓடிவந்து கடப்பாரையை மிஷின் தட்டின் மேலேயே படுக்க வைத்தான். காதில் ஒன்றும் இல்லை. இது செத்து மாசக்கணக்கு ஆகியிருக்கும் மாமே என்று அவன் முணுமுணுத்தான். முனுசாமி கத்தவில்லை. முறிந்த கொழுத் துண்டை எடுத்து மண்ணைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"இந்தா அண்ணாத்தே. உன் மிஷின் புடிச்ச மொத இரும்பு."

கயிறு

அன்றைக்கே பட்டாபிராம் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பச்சை மிஷினைத் திட்டியே தொண்டை கட்டிக்கொண்டது, இரண்டு நாளாகப் பேச்சு எழும்பவில்லை. குரல் இல்லாமல் பேரம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் நாள் போனேன். முதல் மிஷின் விற்றுப்போய்விட்டது, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று நீர் முதுகைத் திருப்பிக்கொண்டீர்.

திரும்பும்போது வெள்ளானூர் வழியாக வந்தேன். முனுசாமியின் கொல்லை ஓரத்தில் முளையும் கம்பியும் டின்னும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நடுவில் முனுசாமியே காதில் மூடி மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கையில் என் முதல் மிஷின். என் மூங்கில்! கொழு முறிந்த மறுநாளே கன்னியப்பனிடம் வழி கேட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தாராம். தட்டு மூங்கிலோடு சேர்கிற இடத்தைப் பார்த்தேன். கம்பி, பட்டை, ஆணி ஒன்றும் இல்லை. பட்டாபிராமிலேயே மாற்றிக் கட்டிய தென்னங்கயிறு சுற்றியிருந்தது. ஊரெல்லாம் தோண்டித் தேடிய இரும்பைத் தட்டுக்கு நாலு விரல் தள்ளி நானே கட்டி வைத்திருந்தேன்.

முனுசாமி மூடியைக் கழற்றினார். குவியல் பேசியபடி எனக்குத்தான், வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள் என்றார். நான் மற்றக் கொல்லைகளைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். அவர் மூங்கிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதெல்லாம் நானே பேசி முடிச்சிட்டேன் அண்ணாத்தே. உனுக்கும் வேல கீது, நான் காட்ற எடத்துல நீ தோண்டு."

இப்போது அவர் காட்டுகிற இடத்தில்தான் நானும் கன்னியப்பனும் தோண்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே ஐயா, உயிருள்ள மிஷினையும் ஐந்து ரூபாயையும் வாங்கிக்கொண்டு செத்ததை என் தோளில் ஏற்றி அனுப்பியவரே, மிஷினைத் திருப்பித் தர மனம் வராவிட்டாலும் போகிறது, நீர் அவிழ்த்து எடுத்துக்கொண்ட என் எட்டுச் சுற்றுக் கட்டுக்கம்பியையாவது பட்டையும் ஆணியும் சேர்த்து எடை குறையாமல் கொண்டுவந்து என் கடையில் போட்டுவிட்டுப் போம்.